கோயில் வாசலில் விட்ட ஷூ

பழைய ஷூ எங்கே என்று விக்னேஸ்வரன் அண்ணன் கேட்டபோது எனக்குச் சட்டென்று பொய் வரவில்லை. ராஜபாளையத்தில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறார். ஒரு காலத்தில் வாலிபால் ஆடி முட்டி போனவர். அதனாலோ என்னவோ, காலில் அடிபட்டு வருகிறவர்களிடம் மட்டும் அவசரப்படாமல், எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டுதான் பேசுவார். வலது கால் உள்பக்கம் சாய்கிறது என்று பிசியோதெரபி டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்துவிட்டு, அதைத் தாங்க உள்பக்கம் கெட்டியான ஃபோம் வைத்த ஸ்டெபிலிட்டி ஷூ மூன்று ஜோடியை என் முன்னால் வைத்திருந்தார். மூன்றும் எனக்கு ஒன்றுபோலத்தான் தெரிந்தன.

"பழைய ஷூவோட அடி எந்தப் பக்கம் தேஞ்சிருக்குன்னு பாத்தாத்தாம்மா எது ஒங்களுக்குச் சரின்னு சொல்ல முடியும். கலரப் பாத்து எடுத்துட்டுப் போனீங்கன்னா இன்னொரு தடவ மடங்கும்."

இன்னொரு தடவை மடங்கினால் என் கதை முடிந்தது. போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு பாஸாகிவிட்டேன். நானூறு மீட்டர் ஓட்டத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அடுத்த முறை விண்ணப்பிக்க வயது இருக்காது. சேத்தூரிலிருந்து மில்லுக்கு பஸ்ஸில் போய் வந்துகொண்டே, விடியற்காலையில் ஓடி ஓடிப் பழகியவள் நான். போன மாதம் வளைவில் திரும்பும்போது வலது கணுக்கால் உள்பக்கமாக மடங்கிவிட்டது. வலி பகலில் சும்மா இருக்கும். விடியற்காலை நாலு மணிக்குச் சரியாக வந்து குடையும்.

அவர் கேட்ட பழைய ஷூ ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது. நான் இயற்பியல் படித்தவள், இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கோயிலில் செருப்புத் தொலைந்தால் பீடை தொலைந்தது என்பார்கள் இல்லையா, தானாகத் தொலையாவிட்டால் நாமே தொலைத்தால் என்ன என்பது அம்மாவின் ஆராய்ச்சி. ஒரு சனிக்கிழமை என்னை ஆண்டாள் கோயிலுக்கு அழைத்துப் போனாள். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். ஷூ கழற்றி விட்ட இடத்தில் அப்படியே இருந்தது, யார் தொடுவார்கள் அதை. "ஏட்டி, திரும்பிப் பாக்காம வா" என்று அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டுப் போட்ட காலோடு, வெறுங்காலாக, பால்கோவா பொட்டலத்துடன் பஸ் ஏறினேன். அன்றிலிருந்து நாலு மணி வலி வரவில்லை. ஓய்வெடுத்தால் குறையத்தான் செய்யும் என்றார் பிசியோதெரபி டாக்டர். அம்மா சிரித்துக்கொண்டாள்.

எல்லாவற்றையும் சொல்லித் தொலைத்தேன். விக்னேஸ்வரன் அண்ணன் சிரிக்கவில்லை. என் இரண்டு பாதங்களையும் தண்ணீரில் நனைத்து, கடைக்கு வெளியே சிமெண்டுத் தரையில் நடக்கச் சொன்னார். ஈரத் தடங்களை முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். வலது கால் சாயவே இல்லை என்றார். சீட்டை எடுத்து இன்னொரு முறை படித்தார். இந்தக் காலுக்கும் இந்தச் சீட்டுக்கும் சம்பந்தமே இல்லையே என்று அவருக்கே குழப்பமாகிவிட்டது. பழைய ஷூவைப் பார்க்காமல் விற்க மாட்டேன், போய் எடுத்து வாருங்கள் என்றார். நான் படியிறங்கும்போது மறுபடியும் கூப்பிட்டார்.

"வேற யாரும் எடுத்துப் போட்டிருக்கக் கூடாதும்மா. ஒருத்தர் தேச்ச ஷூவ இன்னொருத்தர் போட்டா, அவுக நடை இவுகளுக்கு ஏறிரும்."

பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும்வரை அந்தப் பேச்சுதான் காதில் கிடந்தது. கோயில் தெருவில் செருப்புப் பார்த்துக்கொள்ளும் சுடலைமாடத்தி அக்காவுக்கு என் நீல ஷூ நன்றாக நினைவிருந்தது. பத்து நாள் கேட்பாரில்லாமல் வெயிலிலும் மழையிலும் கிடந்ததாம். அவர் தெருவில் செல்வலட்சுமி என்று ஒரு பிள்ளை, ஓட்டக்காரி, ஷூ வாங்க வழியில்லாமல் வெறுங்காலில் ஓடுகிறவள். கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறார்.

"வரையில மான்குட்டி கணக்கா வந்துச்சு. போட்டுக்கிட்டுப் போகையில கால இழுத்துக்கிட்டுப் போச்சு. அளவு சேரலையோ என்னமோ."

மைதானத்துக்கு வழி கேட்டுப் போனேன். சாயங்கால வெயில் தரையோடு கிடந்தது. நாலைந்து பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஷூவைத் தேட வேண்டியிருக்கவில்லை. என்னை முதுகுப் பக்கமிருந்து நான் பார்த்ததில்லை, ஆனால் முன்னால் ஓடியவளைப் பார்த்ததும் அது என் ஓட்டம் என்று தெரிந்துவிட்டது. மூன்று எட்டு நேராக, நாலாவது எட்டில் வலது கால் உள்ளே சாய்ந்து, அதைச் சரிக்கட்ட இடது தோள் லேசாக ஏறி இறங்கியது. வளைவு வரும் முன் நான் கீழுதட்டைக் கடித்துக்கொள்வேன். அவள் முகம் என் பக்கம் திரும்பியபோது பார்த்தேன், அவளும் கடித்திருந்தாள்.

இரண்டாவது சுற்றில் முடியாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருபது வயதிருக்கும். கட்டை விரலால் கணுக்காலின் உள்பக்கத்தை அழுத்தினாள், நான் அழுத்துகிற அதே இடம். கேட்காமலே பேசுகிற பிள்ளை. அவளும் எழுத்துத் தேர்வு பாஸ், அதே தேர்வு, ஓட்டமும் அதே நாள். வெறுங்காலில் ஓடியபோது ஊரில் அவளை முந்த ஆளில்லையாம். அந்த ஓட்டத்துக்கு ஷூ போட்டுப் பழக வேண்டும் என்று யாரோ சொல்ல, இதை விடாமல் போடுகிறாள். முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். ஒரு ஆள் குறைந்தது என்று நினைத்தேன். நினைத்த மறுகணம் முகம் சுட்டது.

"நாலு மணி ஆனா குடையுதுக்கா, முழிப்புத் தட்டிருது. அப்பம் யாரோ ஒரு பொம்பள, திரும்பிப் பாக்காம வா, திரும்பிப் பாக்காம வான்னு எங்கைய புடிச்சு இழுக்கா. யாருன்னும் தெரியல."

அம்மா பிடித்த முழங்கையை நான் தடவிப் பார்த்துக்கொண்டேன். பேசாமல் எழுந்து போயிருக்கலாம். ஐந்து வாரம். வேறு கடையில் ஏதோ ஒரு ஜோடியை வாங்கிக்கொண்டு, ஓடி, வேலையில் சேர்ந்து, அம்மாவுக்கு ஒரு நல்ல புடவை எடுத்துக் கொடுத்திருக்கலாம். இவளுக்கு இன்னும் வயது இருக்கிறது, அடுத்த வருஷம் ஓடட்டும். இதையெல்லாம் நான் நினைக்காமல் இல்லை. அவள் விரல் மட்டும் அந்த இடத்தை அழுத்திக்கொண்டே இருந்தது.

அது என்னுடைய ஷூ என்றேன். புதிது வாங்க, பழையதைக் கடையில் காட்ட வேண்டியிருக்கிறது என்றேன். அவள் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, பதற்றத்தோடு நாடாவை அவிழ்த்தாள். தெரியாமல் போட்டுவிட்டதாக இரண்டு முறை மன்னிப்புக் கேட்டாள். அவள் மன்னிப்புக் கேட்கக் கேட்க எனக்கு அழுகை வந்தது. கையில் வாங்கி அடியைத் திருப்பிப் பார்த்தேன். வலது ஷூவின் உள்விளிம்பு வழவழவென்று, உள்ளே இருக்கும் வெள்ளை தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. நான் விட்டபோது அப்படி இல்லை. விட்டே இருபது நாள்தான், அதில் அவள் போட்டது பத்து நாள்; இப்படித் தேயாது.

அவள் எழுந்து, மண்ணில் காலை இரண்டு முறை தட்டிப் பார்த்தாள். பிறகு ஓடினாள். நாலாவது எட்டிலும் சாயவில்லை, பத்தாவதிலும் சாயவில்லை. வளைவில் முன்னால் போன இரண்டு பையன்களைத் தாண்டிப் போனாள். எதிர்ப்பக்கம் போனதும் நின்று, இடுப்பில் கை வைத்து, வெள்ளையாகச் சிரித்தாள்.

"யக்கா, வாங்க. ரெண்டு பேருமா ஒரு சுத்து போவோம்."

ஷூவை மடியிலிருந்து இறக்கிவைத்தேன். இடது காலை ஊன்றி எழுந்தேன். அவள் அங்கிருந்து கையசைத்துக்கொண்டே இருந்தாள். ஊன்றினால் சாயுமோ என்று, வலது காலை மண்ணுக்கு ஒரு விரற்கடை மேலே தூக்கிப் பிடித்தபடி நான் நின்றுகொண்டிருந்தேன்.