ஒழுகாத குழாய்

மூத்தவள் சாப்பாட்டு மேஜையிலிருந்து இரண்டாவது நாற்காலியையும் இழுத்து வந்து சமையலறையில் போட்டாள். முதல் நாற்காலிக்கு நேர் எதிரே அல்ல, சற்றுச் சாய்வாக. உட்காருகிறவர் விரும்பினால் அவள் முகத்தைப் பார்க்கலாம், வேண்டாமென்றால் ஜன்னலைப் பார்க்கலாம். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு டிஷ்யூ பெட்டி. எல்லாம் முறைப்படி இருந்தது. உட்கார வேண்டியவர்தான் உட்காரவில்லை. அப்பா தொட்டி முன்னால் நின்று குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அந்தக் குழாய் ஒழுகவில்லை. போன வருஷம் அவரே புதிதாக வாங்கி மாட்டியது. காலையில் அம்மா போய்விட்டாள். நர்ஸ் வந்து நாடி பார்த்து, உதட்டைப் பிதுக்கி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியிறங்கிய உடனே அப்பா கருவிப் பெட்டியைத் திறந்துவிட்டார். அம்மா படுத்திருக்கும் அறை கூடத்தின் அந்தப் பக்கம். அதற்குள் இன்னும் அவர் கால் வைக்கவில்லை.

"அப்பா, கொஞ்சம் உட்காருங்களேன்."

"வேலை இருக்கு."

"உங்களுக்கு இப்ப எப்படி இருக்குன்னு..."

"வாஷர் தேஞ்சு போச்சு," என்றார் அப்பா. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். வாஷர் புத்தம் புதிதாக இருந்தது.

மனக்கஷ்டத்தோடு வருகிறவர்கள் பேசுவதைக் கேட்பது மூத்தவளின் உத்தியோகம். ஆஸ்பத்திரியை ஒட்டிய ஆலோசனை மையத்தில் வேலை. அது போதாதென்று இப்போது மேல்நிலைப் பயிற்சி வேறு படித்துக்கொண்டிருந்தாள். பல தேசத்து ஆட்கள், பல பாஷைக்காரர்கள், வாய் பேசாதவர்கள், பேசப் பிடிக்காதவர்கள் என்று யார் வந்தாலும் அவரவர் போக்கில் போய்க் கேட்கத் தெரிய வேண்டும் என்பதற்கான படிப்பு. ஒரு வாக்கியம் முடிவதற்குள் நாலு தடவை 'ம்' போடுவாள். அதனால் வீட்டில் அவளுக்கு 'ம்' என்றே பேர். "என் பொண்ணு 'ம்' கொட்டியே சம்பாதிக்கிறா. நானும் அந்தக் காலத்துலயே கதை கேட்கக் கத்துக்கிட்டிருந்தா இந்நேரம் மாடி வீடு கட்டியிருப்பேன்," என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அதே அம்மா போன வாரம் சிரிக்காமல் ஒன்று சொன்னாள். "உங்கப்பா கல்லுளிமங்கன். நான் போனப்புறம் இடிச்ச புளி மாதிரி ஒரு மூலைல உட்கார்ந்துடுவார். நீ ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் பேச வைக்கறே. இந்த மனுஷனையும் விட்டுடாதே."

மூத்தவள் சரி என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அம்மாவைக் கொண்டுபோக மத்தியானம் வண்டி வந்துவிடும். அதற்குள் அப்பா அந்த அறைக்குள் போய் அம்மாவை ஒரு தரம் பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டவர்கள் எத்தனை பேர் அவள் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்! மனைவி ஊருக்குப் போயிருக்கிறாள் என்பதுபோல இரண்டு வருஷமாக வாசல் விளக்கை அணைக்காமல் வைத்திருந்த ஒருவரை அவளால் மறக்க முடியவில்லை. அப்பாவும் அப்படி ஆகிவிடக்கூடாது.

தெரிந்த வித்தையை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து விட்டாள்.

"கோபமா இருக்கீங்க போலிருக்கு."

"அந்த ரெண்டாம் நம்பர் ஸ்பேனரை எடு."

எடுத்துக் கொடுத்தாள். பிறகு பேசாமல் நின்று பார்த்தாள். எதிராளியின் மௌனத்துக்குள் நாமும் மௌனமாக இருந்தால் அவர் தானாகவே வாயைத் திறப்பார் என்பது பாடம். ஆனால் ஆயுசு முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து, இருட்டுக் கிணறு மாதிரியான குழிகளில் தன்னந்தனியாக வேலை பார்த்த மனிதரிடம் மௌனத்தைக் காட்டுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். அப்பா நிம்மதியாக வேலையைத் தொடர்ந்தார். டிஷ்யூவை ஒவ்வொன்றாக உருவிக் குழாயின் திருகு மரை மேல் படிந்திருந்த அழுக்கைத் துடைத்தார். பெட்டி பாதி காலியாகிவிட்டது. வால்வை மூடியதில் வீட்டில் தண்ணீரும் நின்றுவிட்டது.

"அம்மாவைப் பத்திச் சொல்லணும்னு தோணினா சொல்லுங்கப்பா. நான் கேட்கறேன்."

அப்பா ஸ்பேனரைத் தொட்டிக்குள் போட்டார். சத்தம் கூடம் வரைக்கும் கேட்டிருக்கும்.

"என்னை உன் கேஸ் மாதிரி பார்க்காதே. இந்தப் பேச்செல்லாம் உன் ஆபீசோட வச்சுக்க."

அவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கூடத்துக்கு வந்துவிட்டாள். தம்பி அம்மாவின் அறை வாசலில் நின்றிருந்தான். கண் சிவந்து வீங்கியிருந்தது. ஆனாலும் அவனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

"என்னக்கா, படிச்ச படிப்பு உள்ளூர்ல செல்லுபடி ஆகலையா?"

"சும்மா இருடா."

"சரி விடு. இங்க இன்னொரு தொல்லை. கட்டில் இறங்க மாட்டேங்குது."

அது வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டில். கால்மாட்டில் ஒரு கைப்பிடி உண்டு. சுற்றினால் தலைப்பக்கம் ஏறும், இறங்கும். அம்மாவுக்கு மூச்சு வாங்கும் என்பதால் தலைப்பக்கம் எப்போதும் உயர்ந்தே இருந்தது. காலையில் நர்ஸ் இறக்கப் பார்த்தபோது பாதியில் பிடித்துக்கொண்டுவிட்டது. தம்பி தன் பலத்தையெல்லாம் காட்டிப் பார்த்துவிட்டான். அம்மா இன்னும் சாய்ந்தபடியே, யாரோ சொல்லும் பொய்யை நம்பாதவள் மாதிரி முகவாயைச் சற்றுத் தூக்கிக்கொண்டு படுத்திருந்தாள். வருகிறவர்கள் ஸ்ட்ரெச்சருக்கு மாற்ற வேண்டுமானால் கட்டில் தட்டையாக இருக்க வேண்டும்.

"வாடகைக் கடைக்கு போன் பண்ணி ஆளை வரச் சொல்லட்டுமா?"

"இரு," என்றாள் மூத்தவள்.

பயிற்சியில் அவளுடைய வேலையைச் சரிபார்க்கும் அம்மையார் ஒருவர் இருந்தார். லாரி டிரைவர் ஒருத்தர் மூன்று வாரமாக வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்துவிட்டுப் பேசாமலே எழுந்து போனபோது, "உன்கிட்ட வர்றவங்க பாதிப் பேருக்கு உட்கார்ந்து பேசிப் பழக்கமில்ல. அது அவங்க குத்தம் இல்ல, நாற்காலியோட குத்தம்," என்றார் அந்த அம்மையார். அடுத்த வாரம் அவள் டிரைவரோடு மையத்தின் பின்புறத்தில் நடந்தாள். மனிதர் சுவரைப் பார்த்துப் பேசியபடியே ஒரு மணி நேரம் நடந்தார். காது கேளாத பெண் ஒருத்திக்காக, கூட வந்து கைஜாடையை மொழிபெயர்த்தவரைப் பார்க்காமல் அந்தப் பெண்ணையே பார்த்துப் பேசக் கற்றுக்கொண்டாள். வேறு தேசத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், ஒருத்தர் கஷ்டத்தை எட்டுப் பேர் சேர்ந்துதான் சொல்வோம் என்று நின்றது. அவர்களுக்காக நாற்காலிகளை வெளியே போட்டுவிட்டுப் பாய் விரித்தாள்.

உலகத்தில் உள்ள எல்லோருக்காகவும் தன் அறையை மாற்றியவள், பெற்ற தகப்பனுக்கு மட்டும் அதே இரண்டு நாற்காலியைப் போட்டு அதே டிஷ்யூ பெட்டியை வைத்திருக்கிறாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த நேரத்திலும் லேசாகச் சிரிப்பு வந்தது. அம்மா இருந்திருந்தால் இதைச் சொல்லிக்காட்டியே ஒரு மாதம் ஓட்டியிருப்பாள்.

மறுபடி சமையலறைக்குப் போனாள். நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில், அவரைப் பார்க்காமல், அவர் பார்க்கும் திசையிலேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, அம்மா கட்டில் பாதில பிடிச்சுக்கிச்சு. இறங்கல. வாடகைக் கடைக்காரனைக் கூப்பிடலாம். இல்லன்னா நீங்க வந்து பாருங்க." தந்திரம் செய்து அவரை உள்ளே இழுத்ததாக ஆகிவிடக்கூடாது. "வந்தா அம்மாவைப் பார்க்க வேண்டியிருக்கும். அதையும் இப்பவே சொல்லிடறேன்."

அப்பா கழற்றிய குழாயைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த இடத்துல பிடிக்குது?"

"பாதிக்கு மேல சுத்த வரல."

"தம்பி முரட்டுத்தனமா ஏதாவது பண்ணிட்டானா?"

"பண்ணினான்."

"பண்ணியிருப்பான்," என்று சொல்லிவிட்டு அப்பா கருவிப் பெட்டியைத் தூக்கினார்.

தாமதமாக வகுப்புக்குள் நுழையும் பையன் மாதிரி, தரையைப் பார்த்தபடியே உள்ளே போனார். கட்டிலின் மேல்பக்கம் பார்வையே போகவில்லை. நேராகக் கால்மாட்டுக்குப் போய், முட்டி போட்டு, பிறகு மெல்ல மல்லாந்து படுத்துக் கட்டிலுக்கு அடியில் நகர்ந்தார். எழுபதைத் தாண்டிய உடம்பு. ஆனாலும் அப்படி நகர்வது அதற்குப் பழக்கம்தான். மூத்தவள் தம்பிக்குக் கண்ணைக் காட்டினாள். அவன் கூடத்துக்குப் போனான். அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு தானும் தரையில் படுத்து, அப்பாவுக்குப் பக்கத்தில் நகர்ந்தாள்.

மேலே இரும்புச் சட்டங்களும், ஒரு நீளத் திருகும், அதற்கு மேல் அம்மாவின் கனத்தில் லேசாகத் தாழ்ந்த மெத்தையும் தெரிந்தன.

"வெளிச்சத்தை இப்படிக் காட்டு."

காட்டினாள். அப்பா சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு சின்ன எண்ணெய்க் குப்பியை எடுத்தார். மூடியின் சீல் கூட உடைபடவில்லை.

"இது ஏதுப்பா?"

அவர் சீலைப் பல்லால் கடித்து உடைத்தார்.

"காலைல வாங்கப் போனது இதுதான்."

அம்மா போனபோது அப்பா கடைக்குப் போயிருந்தார் என்று எல்லோருக்கும் தெரியும். மனசு எப்படி இருக்கிறது, கோபமா, வருத்தமா என்று காலையிலிருந்து அவள் கேட்காத கேள்வி இல்லை. கடைக்கு எதற்குப் போனீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

அப்பா திருகின் மேல் சொட்டுச் சொட்டாக எண்ணெயை விட்டார். "கட்டில் கிறீச் கிறீச்சுங்குது, மெக்கானிக் வீட்ல இப்படியா கேட்குதுன்னு ராத்திரி பூரா நச்சரிச்சா. கடை திறந்ததும் எண்ணெய் வாங்கிட்டு வந்துடறேன்னு சொல்லிட்டுத்தான் போனேன். அந்தக் கடைக்காரன், வீட்ல எப்படி இருக்காங்கன்னு கேட்டான். நின்னு பேசிட்டேன்."

வெளிச்சம் திருகின் மேலேயே விழும்படி அவள் டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான் யார்கிட்டயாவது நின்னு பேசியிருக்கேனா? உங்கம்மா கேட்டாக் கூடப் பேசினதில்ல. இன்னைக்குன்னு பார்த்து வாய் ஓயாம பேசினேன். பேசாம வந்திருந்தா..."

'உங்க தப்பில்லப்பா' என்ற வாக்கியம் அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கினாள். 'ம்' கூட வேண்டாம் என்று தோன்றியது.

"அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

அப்பா கைப்பிடியோடு சேர்ந்த பல்சக்கரத்தை விரலால் நெம்பினார். "நேத்து ரெண்டு வாய் கூடச் சாப்பிட்டா, என்னை வாய்க்கு வந்தபடி திட்டினா, திட்டற அளவுக்குத் தெம்பு வந்துடுச்சு, பிழைச்சுக்குவான்னு சொன்னேன்." சக்கரத்தை மறுபடி ஒரு தரம் நெம்பிவிட்டு, "அவனும் சந்தோஷப்பட்டான்," என்றார்.

பிறகு, மேலே தாழ்ந்திருந்த மெத்தையைப் பார்த்து, பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுகிறவர் மாதிரி சொன்னார்:

"இந்தா, கேட்குதா? வாங்கிட்டு வந்துட்டேன். கொஞ்சம் லேட்டாயிடுச்சு. கோச்சுக்காதே."

அவர் நெஞ்சு குலுங்கியது. சத்தம் வரவில்லை. மூத்தவளும் அழுதாள். மல்லாந்து படுத்து அழுததில் கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் போனது. துடைக்க ஒரு கை இல்லை. காலையிலிருந்து மற்றவர்களைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருந்தவளுக்கு, அம்மா செத்துப்போனாள் என்பது அங்கே, அந்தக் கட்டிலுக்கு அடியில்தான் உறைத்தது. அப்பா அழுக்குக் கையோடு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அப்படியே கிடந்தார்கள்.

"போய்க் கைப்பிடியைச் சுத்து," என்றார் கடைசியில். "மெதுவா."

அவள் எழுந்து போய்ச் சுற்றினாள். ஒரு சின்னக் கிறீச்சுகூட இல்லாமல் கட்டில் இறங்கியது. அம்மாவின் தலை மெல்லத் தாழ்ந்து தட்டையானது. அப்பா கட்டிலின் தலைப்பக்கமாக வெளியே வந்து, முட்டி போட்டு நிமிர்ந்தபோது, அம்மாவின் முகம் அவர் முகத்துக்கு நேராக இருந்தது. இந்தத் தடவை அவர் தலையைக் குனியவில்லை.

மூத்தவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

உள்ளேயிருந்து பேச்சுக் குரல் கேட்டது. நடுநடுவே நின்று, மறுபடியும் தொடர்ந்தது. என்ன பேசினார் என்று அவள் காது கொடுக்கவில்லை. தம்பி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "அப்பாவா பேசறார்?" என்றான். வண்டி வந்து ஆட்கள் படியேறினார்கள். நேரமாகுது என்று அவர்களில் ஒருத்தர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆகட்டும்," என்றாள் மூத்தவள்.

கதவைத் திறந்துகொண்டு அப்பாவே வந்தார். வேஷ்டியெல்லாம் தூசி. "தூக்கலாம்," என்றார். பிறகு அவளிடம், "எண்ணெய் வாங்கின அந்தக் கடைக்காரனுக்கு யாரும் போன் பண்ணிச் சொல்லிடாதீங்க. நாளைக்கு நானே போய்ப் பேசிக்கறேன்," என்றார்.

எல்லோரும் உள்ளே போனார்கள். அம்மாவின் நெற்றியில், முடி தொடங்கும் இடத்தில், மூன்று விரல் அகலத்துக்குக் கறுப்பு எண்ணெய் இழுபட்டிருந்தது. தம்பி பதறிப்போய்த் துணியைத் தேடினான்.

"அக்கா, நெத்தில ஏதோ பட்டிருக்கு. துடைச்சுடட்டுமா?"

மூத்தவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்டா."

ஆட்கள் அம்மாவை அப்படியே ஸ்ட்ரெச்சருக்கு மாற்றித் தூக்கினார்கள். அப்பா தலைப்பக்கமாகப் போய் ஒரு கையைக் கொடுத்துக்கொண்டு கூடவே நடந்தார். படிக்கட்டுத் திருப்பத்தில் அவர் குரல் கேட்டது.

"பார்த்து... பார்த்து. இந்தப் பக்கம் கொஞ்சம் இறக்குப்பா. அவசரம் இல்ல."