ஏழு நாள் குரல்

கிளினிக்கில் இருந்த பெண் மூன்றாவது முறையும் அதையேதான் சொன்னாள்: பிறந்த திகதியை நோயாளிதான் சொல்ல வேண்டும். அனோஜினியும் மூன்றாவது முறை விளக்கினாள். நோயாளிக்குக் குரல்வளை இல்லை. ஒக்டோபரில் புற்றுநோயோடு சேர்த்து அதையும் வெட்டி எடுத்துவிட்டார்கள். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாள். ஒழுங்குவிதி அப்படி என்றாள். பிறகு, ஐயாவை ஒரு நிமிடம் போனுக்கு வரச் சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

அனோஜினி போனை வைத்துவிட்டாள். இன்னும் ஒரு நொடி பொறுத்திருந்தால் தன் வாயில் என்ன வந்திருக்குமோ அவளுக்கே தெரியாது.

குசினி மேசையின் மறுபக்கத்தில் அவளுடைய மாமனார் வின்சன்ட் இருந்தார். மூச்சுவிடக் கழுத்தில் வைத்திருந்த குழாயை மாற்றவேண்டிய நாள் கடந்து ஒரு கிழமையாகிவிட்டது. அவர் கொப்பியில் பெரிதாக ஏதோ எழுதி, அதன் கீழே பேனா தாளைக் கிழிக்கும்படி கோடு போட்டார். அவள் எட்டிப் பார்த்தாள். கிளினிக்குக்காரியின் பரம்பரையையே இழுக்கும் ஒரு வசவு. அவருக்கும் தனக்கும் ஒரே நேரத்தில் ஒரே ஆள்மேல் கோபம் வந்தது அதுதான் முதல் தடவை என்று அனோஜினிக்குத் தோன்றியது.

வின்சன்ட் இருபத்தேழு வருடம் மாவு பிசைந்து பாண் சுடும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவர். இயந்திரச் சத்தத்துக்கு மேலாகக் கத்திப் பழகியதாலோ என்னவோ, பிரெஞ்சு பேசும் அந்த நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் அவர்களுடைய மூன்றாம் மாடி வீட்டில் அவர் ஏசினால் தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். கலியாணம் முடித்து அனோஜினி அந்த வீட்டுக்கு வந்து மூன்று வருடம். சோறு குழைந்ததற்கு ஏச்சு, தேவாலயப் பூசைக்குப் பிந்தியதற்கு ஏச்சு, பகல் முழுக்கக் கணினிக்கு முன்னால் குந்தியிருப்பதற்கு ஏச்சு. அந்தக் கணினியில்தான் அவள் ஒரு நிறுவனத்துக்கு மளிகைச் சாமான் வாங்கும் செயலியை எழுதிக்கொண்டிருந்தாள். புருஷன் றஜிந்தன் வின்னிபெக்குக்கு லொறி ஓட்டுகிறவன். சனி, ஞாயிறில் வீட்டுக்கு வருவான். அவள் முறையிட்டால், அப்பாவின் குணம் அப்படித்தான், விடு என்பான்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு வீடு அமைதியானது. அந்த அமைதி அனோஜினிக்குப் பிடித்திருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்திலும்கூட.

ஆகவே அன்றிரவு அவள் அந்தச் செயலியைத் தொடங்கியதற்கு இரக்கம் காரணமில்லை. கிளினிக்குக்காரியின் வாயை அடைக்க வேண்டும் என்ற வெறி ஒன்றுதான் காரணம். எழுதிப் பேசுகிறவர்களுக்கான தொலைபேசிச் சேவை ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதற்கு ஆங்கிலமோ பிரெஞ்சோ எழுதத் தெரிய வேண்டும். வின்சன்டுக்கு இரண்டும் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான். புதிய போன்களில் எழுதியதை வாசிக்கும் வசதி இருந்தது. வின்சன்டிடம் இருந்ததோ மகன் கழித்த பழைய போன், நிறுவனத்தின் புதிய பதிப்பு எதையும் ஏற்றுக்கொள்ளாது.

தமிழில் எழுதினால் சத்தமாக வாசிக்க வைப்பதற்கு அரைநாள் போதுமாயிருந்தது. அந்தச் சத்தத்தைத் தொலைபேசி அழைப்புக்குள் அனுப்புவதில்தான் எல்லாம் நின்றது. ஓர் அழைப்பு நடக்கும்போது வேறு எந்தச் செயலியும் அதற்குள் வாய் வைக்க அந்தப் போன் விடாது. ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தாள். தன் ஸ்பீக்கரிலிருந்து வருவதை எதிரொலி என்று எடுத்துக்கொண்டு போனே அதை அழித்தது. இன்னொரு போனைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். வின்சன்டின் கை நடுங்கியதில் பாதிச் சொற்கள் காற்றில் போயின. போன் நிறுவனத்தின் விளக்கக் குறிப்பில், இந்தத் தடை பாவனையாளரின் பாதுகாப்புக்கானது என்று இருந்தது. பேச முடியாத மனுசனைப் பேசவிடாமல் யாரிடமிருந்து பாதுகாக்கிறார்கள் என்று அவள் திரையைப் பார்த்துக் கேட்டாள், கொஞ்சம் சத்தமாகவே.

கடைசியில் போனின் அழைப்பையே அவள் கைவிட்டாள். செயலி தானே இணையத்தின் வழியாக, வாடகைக்கு எடுத்த ஓர் இலக்கத்திலிருந்து அழைக்கும். அப்படியானால் ஒலி முழுக்க அவள் கையில். அந்த இலக்கத்துக்கு யாரும் அழைத்தாலும் செயலியே எடுக்கும்; செயலி திறக்காதபோது அழைப்பு வெறும் போனுக்கு வரும். தமிழில் எழுதுவதை, தேவைப்பட்டால் பிரெஞ்சில் மாற்றிச் சொல்லும். அழைப்பின் தொடக்கத்தில், இவர் எழுதித்தான் பேசுவார், தயவுசெய்து துண்டிக்க வேண்டாம் என்று ஒரு பிரெஞ்சு வசனம் போகும்.

போன் நிறுவனத்தின் செயலிக் கடைக்கு அனுப்பினாள்; அங்கே ஏற்றுக்கொண்டால்தான் அது போனில் நிரந்தரமாக நிற்கும். நிராகரித்தார்கள். பாவனையாளர் எழுதும் தகாத சொற்களைத் தடுக்கும் வடிகட்டி செயலியில் இல்லையாம். அவள் இரண்டு பக்கத்துக்கு மறுமொழி எழுதினாள். தொண்டை உள்ளவன் போனில் எதையும் சொல்லலாம், அதை இழந்தவன் மட்டும் நல்ல பிள்ளையாகக் கதைக்க வேண்டுமா என்று கேட்டாள். ஒன்பது நாளுக்குப் பிறகு அதே வசனம் எழுத்து மாறாமல் திரும்பி வந்தது, அடியில் வேறு பெயரோடு. கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைச் சிங்குக்குள் எறிந்தாள். பிடி தெறித்தது.

இனி மீதியிருந்தது ஒரு சின்ன வாசல். செயலி எழுதுகிறவர்கள் தங்கள் கணினியிலிருந்து கேபிள் வழியாக நேரே போனில் ஏற்றிச் சோதிக்கலாம். ஆனால் ஏழு நாள்தான். அதற்குப் பிறகு செயலி திறக்காது, மறுபடி ஏற்ற வேண்டும். அவள் ஏற்றினாள்.

வின்சன்ட் கிளினிக்குக்கு அழைத்தார். போன் பிரெஞ்சில் அவருடைய பிறந்த திகதியைச் சொன்னது. மறுமுனை பொறுத்திருந்தது. ஐந்து நிமிடத்தில் குழாய் மாற்றுவதற்கு ஒரு நாள் கிடைத்தது. அவர் அனோஜினியைப் பார்த்துத் தலையை ஒருமுறை அசைத்தார்.

அன்றிலிருந்து அவர் போனைக் கீழே வைக்கவில்லை. ஸ்காபரோவில் இருந்த தம்பி, மன்னாரில் இருந்த மச்சாள், பழைய தொழிற்சாலை ஆட்கள் என்று ஒருவரையும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் போனைக் கொண்டுவந்து அவளுடைய லாப்டொப்புக்குப் பக்கத்தில் வைப்பார். அவள் கேபிளைச் செருகுவாள். இன்னும் ஏழு நாள்.

நாலாவது கிழமை, ஒரு வெள்ளிக்கிழமை, அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய அறைக்குள்ளிருந்து அந்தக் குரல் கேட்டது. செய்தி வாசிக்கிறவனுடையதைப் போன்ற, ஏற்ற இறக்கமில்லாத சென்னைக் குரல்.

"நான் வாய் திறக்க ஏலாமக் கிடந்த காலத்தில உன்ர மனுசி வலு சந்தோசமா இருந்தவ. பாட்டுக் கேட்டுக்கொண்டு சமைச்சவ. எனக்கு விளங்காதெண்டு நினைக்கிறா."

றஜிந்தனின் குரல் லொறிச் சத்தத்தினூடாக வந்தது. "ஓமப்பா. விடுங்கோ."

அனோஜினி மடித்த சட்டையைப் பிடித்தபடி நின்றாள். காது சுட்டது. அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அறைக்குள் போய்க் கேட்டிருப்பாள். அது உண்மை. அந்த உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் கட்டிக் கொடுத்தவளும் அவளேதான். போதாததற்குப் புருஷன் 'ஓம்' என்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை வின்சன்ட் வழக்கம்போலப் போனைக் கொண்டுவந்து வைத்தார். இன்றைக்குத் தனக்கு வேலை இருக்கிறது என்றாள். திங்கட்கிழமை செயலி திறக்கவில்லை. அவர் போனை நீட்டிக் காட்டினார். பேந்து பாப்பம் என்று சொல்லி அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் மேசையில் அடித்தார். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். வீடு மறுபடியும் அமைதியாக இருந்தது. இந்த முறை அது அவளுக்கு ருசிக்கவில்லை, ஆனாலும் விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை.

வியாழக்கிழமை காலை வேலைக் கூட்டம் ஒன்று முடிந்து எழும்பியபோது வீட்டில் அவரைக் காணவில்லை. சப்பாத்து வைக்கும் இடத்தில் பனிச் சப்பாத்தும் இல்லை. வெளியே குளிர் மைனஸ் இருபதுக்கும் கீழே இருந்தது. அவள் ஜக்கெட்டைத் தேடும்போது போன் அடித்தது. கிளினிக்கின் காவலாளி. கொப்பியில் எழுதியிருந்த இலக்கத்தைப் பார்த்து அழைப்பதாகவும், வயதான ஒருவர் வந்து தகராறு பண்ணுவதாகவும் சொன்னான்.

அக்காடி நிலையத்தில் மெட்ரோ ஏறி கோட்-டெ-நெய்ஜில் இறங்கி அவள் ஓடினாள். வின்சன்ட் ஒரு கதிரையில் இருந்தார், பக்கத்தில் காவலாளி. வரவேற்பு மேசையில் கொப்பி விரிந்து கிடந்தது. அங்கே ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாத தமிழில், ஒரு பக்கம் முழுக்க.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் விளக்கினாள். அடுத்த குழாய் மாற்றும் நேரத்தை முன்னுக்குக் கொண்டுவரக் கேட்டு நேற்று இரண்டு தரம் அழைத்தார்களாம். எடுத்தவர் பேசவில்லை. ஆகவே பெயரை நீக்கிவிட்டார்கள். இன்று அவர் நேரே வந்து, பெயர் இல்லை என்றதும் மேசையில் குத்தினார்.

அனோஜினி கத்தினாள். அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுக்க அப்போது வெளியே வந்தது. தொண்டை இல்லாதவர்களுக்கென்றே ஒரு கிளினிக் நடத்திக்கொண்டு, பேசவில்லை என்று பெயரை வெட்டுகிறீர்களா என்றாள். காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பெண் கத்தவில்லை. "போன முறை அவர் எங்களோடு பேசினாரே, மெசின் வழியாக," என்றாள். "நான்தான் எடுத்தேன். ஒவ்வொரு வசனத்துக்கும் காத்திருந்தேன். நேற்றும் அந்தக் குரல் வருமென்று இரண்டு நிமிடம் காத்திருந்தேன்."

அனோஜினி மேசையில் கிடந்த கொப்பியை எடுத்து மாமனாரிடம் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமைக்கு ஒரு நேரம் வாங்கிக்கொண்டு, மாமனாரைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

மெட்ரோவில் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். வண்டி கிளம்பியதும் அவள் அவருடைய முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை ஒண்டும் இருக்கேல்லை, மாமா. வேணுமெண்டுதான் ஏத்தாம விட்டனான். நீங்கள் இவரோட கதைச்சதைக் கேட்டனான்."

அவர் கொப்பியை எடுத்தார். இரண்டே சொல் எழுதினார். 'அது பொய்யோ?'

"இல்லை. பொய்யில்லை. நீங்கள் வாய் திறந்தா ஏச்சு. மூண்டு வருசமா. பேசாமக் கிடந்தா எனக்குச் சந்தோசம்தானே?"

அவர் கொப்பியை மூடினார். முகத்தில் கோபம் இருந்தது. வேறு ஏதும் இருந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஜக்கெட்டைக் கழற்றாமலே கேபிளைச் செருகினாள். அவருடைய குரல் தன் கையில் இருப்பது அவளுக்கு அருவருப்பாக இருந்தது. எத்தனை கிழமைக்குத் தன்னை நம்ப முடியும்? அடுத்த நாள் செயலிக் கடைக்காரர்கள் கேட்ட வடிகட்டியை எழுதினாள். தகாத சொற்களின் பட்டியல் ஒன்று, அதைத் தடுக்கும் ஒரு பொத்தான், எல்லாம் முறைப்படி. பட்டியலில் ஒரு சொல்லும் இல்லை. விரும்பியவர் விரும்பியதைச் சேர்த்துக்கொள்ளலாம். அனுப்பி ஐந்தாம் நாள், மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்வதாகக் கடிதம் வந்தது. வின்சன்ட் தானே போனில் செயலிக் கடையைத் திறந்து, தானே இறக்கிக்கொண்டார். இனி அவருக்கு அவள் தேவையில்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் றஜிந்தன் குளித்துக்கொண்டிருந்தபோது சோறு பற்றித் தொடங்கியது. குழைந்துவிட்டது என்று போன் சொன்னது. அனோஜினி அகப்பையை வைத்துவிட்டு, மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். மூன்று வருடமாக உள்ளே கிடந்ததை ஒவ்வொன்றாக எடுத்தாள். தன் சம்பளத்திலும் ஓடும் வீடு இது என்றாள். தன் தாய்கூடத் தன்னை இப்படி ஏசியதில்லை என்றாள். அவள் பேசி முடிக்கும்வரை வின்சன்ட் போனைத் தொடவில்லை. குரல் இருந்த காலத்தில் ஒருநாளும் அவளை ஒரு வசனம் முடிக்க விட்டவரில்லை.

பிறகு குனிந்து ஒரு விரலால் எழுதத் தொடங்கினார். நெற்றி நரம்பு புடைத்திருந்தது. எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார்.

தலையைத் துவட்டிக்கொண்டு றஜிந்தன் குசினி வாசலுக்கு வந்தான். இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். "அனோ, அப்பாவின்ர குணம் தெரியும்தானே, விடு..."

"நீங்கள் கொஞ்சம் பொறுங்கோ," என்றாள் அனோஜினி. "மாமா இன்னும் எழுதி முடிக்கேல்லை."