மடங்கிய கை

செங்கம்மாளின் இடது கை நீளவில்லை. தோளில் ஒரு கையும் மணிக்கட்டில் ஒரு கையும் வைத்து அம்சா இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள். முழங்கை மடங்கியபடியே நின்றது.

"வுடுடி, ஒடிஞ்சிடப் போவுது," என்றாள் எதிர் வீட்டில் ஆயாவாக இருக்கும் வேண்டா, சொம்புத் தண்ணீரைப் பிணத்தின் காலில் ஊற்றியபடி. "பாப்பா அந்தக் கையிலதான் படுத்துகினு இருந்திச்சி. காத்தால அது எழுந்து அழுதப்பறம்தான் வூட்டுக்காரங்களுக்கே விசயம் தெரியும்."

வக்கீல் கோதண்டராமன் வீட்டுக் கொல்லையில், கிணற்றடியைச் சுற்றிப் பழைய புடவைகளைக் கட்டி மறைத்திருந்தார்கள். செங்கல்பட்டில் இந்த வீட்டுக்கு அம்சாவின் அம்மா வந்து இருபது வருஷம். வக்கீலின் மகள் ருக்மிணி பிறந்து, பெற்றவளுக்குப் பால் சுரக்காமல் போனபோது, புருஷனைக் கடலில் பறிகொடுத்திருந்த செங்கம்மாளைப் புதுப்பட்டினத்திலிருந்து கூட்டிவந்தார்கள். அம்சாவுக்கு அப்போது ஒன்றரை வயது. மாமன் அப்பாசாமி வீட்டில் கஞ்சி குடித்து வளர்ந்தாள். மாசி மகத்துக்கு வக்கீல் வீட்டார் மாமல்லபுரம் கடலுக்கு வரும்போது அம்மாவைப் பார்ப்பாள். அம்மாவின் இடுப்பில் எப்போதும் யாராவது இருந்தார்கள். முதலில் ருக்மிணி, பிறகு அவள் தம்பி, இந்த வருஷம் ருக்மிணியின் மகள். அம்சா பக்கத்தில் நடந்துபோவாள்.

குளிப்பாட்டியதில் அம்சாவின் புடவை முழுக்க நனைந்துவிட்டது. வக்கீலின் மனைவி பர்வதம், செங்கம்மாளின் புடவை ஒன்றை எடுத்துவந்து நீட்டினாள்.

"மாத்திக்கோ. இதெல்லாம் இனிமே உனக்குத்தானே."

மாட்டுக் கொட்டகையை ஒட்டியிருந்தது அம்மாவின் அறை. ஒரு பாய், ஒரு தகரப் பெட்டி, ஆணி முழுக்கக் குழந்தையின் சட்டைகள். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். அம்சா அவசரமாக உடுத்திக்கொண்டு, தன் புடவையைப் பிழிந்து வெளியே கொடியில் போட்டாள்.

காலையிலிருந்து அழுதுகொண்டிருந்த குழந்தை, ருக்மிணியின் தோளிலிருந்து அவளிடம் தாவியது. புடவையில் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தது. பிறகு அழவில்லை. அம்சாவின் இடது கை தானாக மடிந்து அதைத் தாங்கியது.

"பாரேன், அடையாளம் கண்டுபிடிச்சிட்டா!" ருக்மிணியின் கண்கள் அழுது வீங்கியிருந்தன. "உங்கம்மா பாலைக் குடிச்சுத்தான் நான் பொழைச்சேன். தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஒரு நாவல் படிச்சேன் அம்சா. வெள்ளைக்காரங்க கதை, தமிழ்ல வந்திருக்கு. அதுல ஒரு வேலைக்காரி. அந்த வீட்டுப் பிள்ளைங்க மேலயே உசிரை வெச்சிருப்பா. அப்படியே நம்ம ஆயாதான். அவளுக்கும் வாசிச்சுக் காட்டினேன்."

"அம்மா இன்னா சொல்லிச்சி?"

"அந்தப் பொம்பள எப்ப தன் வூட்டுக்குப் போவான்னு கேட்டுக்கிட்டே இருந்தா."

"போனாளா?"

"இல்ல. கடைசி வரைக்கும் அங்கேயேதான் இருப்பா."

"அவளுக்குப் புள்ளைங்க இருந்திச்சா?"

ருக்மிணி யோசித்தாள். "தெரியலை. கதையில வரலை."

அப்பாசாமி வாசலிலிருந்து வேகமாக வந்தார். "லாரி வந்துகினு கீது. சவுக்குக் கட்ட எறக்கிட்டு நம்ம பக்கம் காலியா திரும்புது." பிறகு அம்சாவைக் கொட்டகைப் பக்கம் ஒதுக்கிக் குரலைத் தாழ்த்தினார். "நீ இங்கியே இரும்மா. ஐயாகிட்ட சொல்லிட்டேன்."

"யாரக் கேட்டு சொன்ன?"

"நாலு பொட்டப்புள்ளய வச்சிகினு கீறேன். நீ அஞ்சாவது. நான் இன்னா பண்ணுவேன், சொல்லு." அவர் அவளைப் பார்க்கவில்லை, குழந்தையைப் பார்த்தார். "பாரு, எப்பிடி ஒட்டிகினு கீது."

அவர் நகர்ந்ததும், குடத்தைக் கழுவிக்கொண்டிருந்த வேண்டா நிமிர்ந்தாள். "நாலு நாளைக்குன்னு வந்தவதான் நானு. பன்னெண்டு வருசமாவுது. எம் பேரே வேண்டா. அப்பவும் ஒருத்தரும் வேணான்னு அனுப்பல, பாத்துக்க."

அம்சா சிரிக்கவில்லை. குழந்தை கனத்துவிட்டது. தூங்கிப்போயிருந்தது. முந்தானை அதன் கைப்பிடிக்குள் இருந்தது.

தெருவில் லாரி ஹாரன் கேட்டது. கொடியிலிருந்து தன் புடவையை இழுத்துக்கொண்டு அம்சா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். குழந்தையைப் பாயில் கிடத்தினாள். அதன் பிடி தளரவில்லை. குனிந்தபடியே கொசுவத்தை உருவி, இடுப்புச் சுற்றைக் கழற்றி, அம்மாவின் புடவை முழுவதையும் குழந்தையைச் சுற்றி அணைத்து வைத்தாள். அது உதட்டைச் சப்பிவிட்டுத் திரும்பிப் படுத்தது.

அவள் வெளியே வந்தபோது பர்வதம் திகைத்தாள். "ஈரப் புடவையோடயா நிக்கிறே? குழந்தை எங்கே?"

"தூங்குது. எழுந்தா அழும். பெத்தவங்கள தூக்கிக்கச் சொல்லுங்க."

"நீ எங்கே கிளம்பிட்டே? உடம்புக்கு ஏதாவது வந்துடப் போகுது."

"கடக்கரைக்குதானம்மா. காத்துல காஞ்சிடும்."

பிணத்தை ஏற்றியிருந்தார்கள். சக்கரத்தில் கால் வைத்து அம்சா ஏறினாள். அப்பாசாமி பர்வதத்தின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "ஒண்ணும் நெனச்சிக்காதீங்கம்மா. பதினாறு முடிஞ்சதும் நானே கொண்டாந்து வுட்டுடறேன்."

"நீயே வந்து புள்ள தூக்கு மாமா," என்றாள் அம்சா மேலிருந்து.

தெருவில் யாரோ சிரித்தார்கள். அப்பாசாமி முன்னால் போய் டிரைவர் பக்கத்தில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். லாரி நகர்ந்தபோது வீட்டுக்குள் குழந்தை அழத் தொடங்கியது. தெருமுனை வரைக்கும் கேட்டது.

திருக்கழுக்குன்றம் மலை பின்னால் போனது. புடவை காலில் ஒட்டாமல் படபடத்தது. அம்சா தன் இடது கையை நீட்டினாள், மடக்கினாள், மறுபடி நீட்டினாள். குழந்தை கனத்த இடம் இன்னும் வலித்தது.

லாரித் தட்டு முழுக்கச் சவுக்குப் பட்டைத் தூள். நடுவில் அம்மா. போர்த்திய துணியை அந்த முழங்கை மட்டும் கூடாரம்போல் தூக்கி நிறுத்தியிருந்தது. உள்ளே காற்று புகுந்து துணி உப்பியது, அடங்கியது.

அம்சா முன்புறம் பார்த்தாள். யாரும் திரும்பவில்லை. அவள் தூளின்மேல் ஒருக்களித்துப் படுத்து, துணியை விலக்கி, அந்தக் கை மடிப்புக்குள் தலையை வைத்தாள். சரியாக இருந்தது. பள்ளத்தில் லாரி இறங்கி ஏறியது. கை அசையவில்லை.