வலது கண்

மினிபஸ்ஸின் கடைசிப் படி வெல்டாவின் கண்ணில் படவில்லை. தரை வந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தாள். பிரிட்ஜ்டவுன் பஸ் நிலையத்தில் கூடியவர்கள் அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவளோ சிமெண்ட் தரையில் கிடந்தபடி, யாருடைய பையிலிருந்தோ உருண்டு வந்த மாம்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. வலித்தது. ஆனால் அந்த வலி பக்கத்து வீட்டில் ஓடும் ரேடியோவைப் போல எங்கோ இருந்தது. மார்ச்சில் கணவன் எவர்ட்டனைப் புதைத்துவிட்டு வந்ததிலிருந்து எல்லாமே அவளுக்கு அந்தத் தூரத்தில்தான் நடந்தன.

அவள் இடது கண்ணைக் கண் அழுத்த நோய் எப்போதோ கொண்டுபோய்விட்டது. அவள் அம்மாவுக்கும் அப்படித்தான் போனது. மிச்சமிருந்தது வலது கண். அதற்குத் தினமும் சொட்டு மருந்து. எவர்ட்டன்தான் போட்டுவிடுவான். கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்து, "மேல பாரு, கடவுள் வந்திருக்காரு" என்பான். இருபது வருஷமாக அதே நகைச்சுவை. அவன் போன பிறகு மருந்தை நிறுத்துவது என்று அவள் முடிவெதுவும் எடுக்கவில்லை. போட ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை, அறுவை சிகிச்சைக்கு முன்னால், எவர்ட்டனின் தங்கை மார்வா வார்டுக்குள் வந்தாள். சனிக்கிழமைகளில் பன்றி இறைச்சி ஊறுகாய் விற்கிறவள். தெருக்கோடி வரை கேட்கும் குரல். கைப்பையிலிருந்து மூன்று மருந்துப் புட்டிகளை எடுத்து மெத்தை மேல் வைத்தாள்.

"ஃப்ரிட்ஜ்ல மிளகாச் சாஸ் பக்கத்துல நிக்குது. ஒண்ணோட சீல் கூட ஒடைக்கல. என்ன அண்ணி இது?"

"அவருதான் போட்டுவிடுவாரு."

"அவன் செத்துட்டான் அண்ணி."

"தெரியும்."

மார்வா புட்டிகளைத் திரும்ப எடுத்துக் கட்டிலோர மேஜையில் வரிசையாக நிறுத்தினாள்.

மயக்க மருந்து டாக்டர் ஹைண்ட்ஸ் அம்மாள் அப்போதுதான் வெல்டாவின் கண் அழுத்தத்தை அளந்து முடித்திருந்தார். முப்பத்தொன்று. போன வருஷம் பதினாறு இருந்தது. அழுத்தத்தைக் குறைக்க மருந்து கொடுத்துவிட்டு, கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"ஆபரேஷனத் தள்ளிப் போட முடியாதும்மா. முழுசா மயக்கம் குடுத்துத் தொண்டையில குழாய் விட்டா, அந்த நேரம் கண்ணு அழுத்தம் ஏறும். அதனால முதுகுல ஊசி. அதுல அநேகமா ஏறாது, கொஞ்சம் எறங்கக்கூடச் செய்யும். ஆனா ரத்த அழுத்தமும் கூடவே எறங்கும். ரொம்ப எறங்கிட்டா கண்ணு நரம்புக்கு ரத்தம் போதாது. அதத்தான் நான் பக்கத்துலயே இருந்து பாக்கணும். பார்வையில ஏதாவது மாறினா உடனே சொல்லுங்க. சொல்லுவீங்களா?"

"சரி," என்றாள் வெல்டா. எதற்குச் சரி என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தக் கண்ணும் போனால் போகட்டும் என்று தோன்றியது. அந்த எண்ணம்கூடச் சூடில்லாமல்தான் வந்தது.

அறுவை அறையில் ஒருக்களித்துப் படுக்கவைத்து ஊசி போட்டார்கள். கால்களில் வெதுவெதுப்பு ஏறியது. பிறகு கால்களே இல்லை. திருப்பிப் படுக்கவைத்ததும் டாக்டர் மறுபடி கண்ணை அளந்தார். பத்தொன்பது. "பாத்தீங்களா, நல்லா எறங்கியிருக்கு" என்று சந்தோஷப்பட்டார். இடுப்புக்குக் கீழே யாரோ தட்டுவது சத்தமாக மட்டும் வந்தது. பழக்கப்பட்ட இடம்தான் இது என்று வெல்டா நினைத்துக்கொண்டாள். குமட்டியது. கூரை விளக்கின் ஓரங்கள் சாம்பல் நிறமாயின. சாம்பல் நடுவை நோக்கி வந்தது. சொல்ல வேண்டும் என்பது ஞாபகம் இருந்தது, சொல்லாமல் கிடந்தாள். விளக்கு ஒரு பொத்தான் அளவுக்குச் சுருங்கியது.

அப்போது யாரோ அலறுவது கேட்டது.

"எவர்ட்டன்! வெளக்கப் போடு! எவர்ட்டன், வெளக்கு போகுது!"

தன் குரல் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கைகள், இடுப்பை மறைத்துக் கட்டியிருந்த திரையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. டாக்டர் நரம்பில் ஏதோ ஏற்றினார். "இதோ, இதோ, ரத்த அழுத்தம் ஏறுது. மூச்ச இழுங்க. என்னப் பாருங்க." சாம்பல் மெல்ல விலகியது. முகமூடிக்கு மேல் இரண்டு கண்கள், புருவத்தில் வியர்வை. வெல்டா அந்தக் கண்களைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். மூன்று மாதமாக வராத அழுகை. அழாதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. கீழே எலும்பில் ஆணி இறங்குகிற சத்தம் கேட்டது.

கண் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது அடுத்த மாதப் பரிசோதனையில்தான் தெரியும் என்று சாயங்காலம் டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

மார்வா ஒரு புட்டியின் சீலை உடைத்தாள். முதல் சொட்டு மூக்கில் விழுந்தது. இரண்டாவது காதோரம்.

"ஆடாதீங்க அண்ணி!"

"நீதான்டி ஆடுற."

மூன்றாவது விழுந்தது. எரிந்தது, நன்றாகவே எரிந்தது. மார்வா தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரொட்டியும் மீனும் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினாள்.

ஜன்னல் வழியே ஆஸ்பத்திரி முற்றம் தெரிந்தது. மஞ்சள் உடையில் மார்வா குறுக்கே நடந்தாள். பாதி வழியில், கண்ணில் பார்வை செத்துப்போயிருந்த இடத்துக்குள் காணாமல் போனாள். அங்கே இருட்டு எதுவும் இல்லை. முற்றமும் வெயிலும் சுவரும் விட்டுப்போகாமல் அப்படியே இருந்தன, அவள் மட்டும் இல்லை. தலையைத் திருப்பினால் அகப்படுவாள். வெல்டா திருப்பவில்லை. வாசல் பக்கத்துச் சுவர் முடியும் இடத்தில் பார்வையை ஊன்றி, மஞ்சள் எப்போது வெளியே வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தாள்.