ஊரைத் தின்ற குடும்பம்

பல்லக்கா வீட்டில் சாப்பாட்டு மேசை ஒன்றுதான் இருந்தது. அதன்மேல் ஓர் ஊர் இருந்தது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே ஊர்தான். வரிசையாக வீடுகள், தபால் நிலையம், மணிக்கூண்டு, ஒரு பேருந்து, கட்டைவிரல் உயரத்தில் ஜனங்கள். எல்லாம் அவளே மாவு பிசைந்து செய்தவை. ஒரு பொம்மையை மயிரிழை நகர்த்தி ஒரு படம், மறுபடி மயிரிழை, மறுபடி படம் என்று எடுத்து எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் பொம்மை நடக்கும், கொட்டாவி விடும். ஒரு பொம்மை தும்மி முடிப்பதற்குள் ஒரு சாயங்காலம் போய்விடும். இதைப் பிழைப்பு என்று யாராவது சொல்வார்களா? அவளும் சொல்லவில்லை. பிழைப்புக்கு அவள் பல் கட்டினாள். பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து அச்சு வார்த்து, மெழுகில் ஈறு செதுக்கி, பொய்ப்பல் அடுக்குகிற வேலை. தெருவில் வயதானவர்கள் பாதிப் பேர் சிரித்தால் அது அவள் கைவேலை. அதனால்தான் அந்தப் பெயர்.

அந்த வீட்டுச் சமையலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கணவருக்கு முட்டை ஆகாது. பெரியவனுக்கு வேர்க்கடலையிலிருந்து முந்திரிவரை கொட்டை எதுவும் ஆகாது. கூடவே இருக்கும் நாத்தனாருக்கு இறாலும் நண்டும் ஆகாது. அதுபோகத் தனக்குப் பிடிக்காத எல்லாமும் ஆகாது. "கத்தரிக்காய்னு பேரைக் கேட்டாலே எனக்கு அரிக்குது" என்று முழங்கையைச் சொறிந்து காட்டுவார். வேளைக்கு நாலு சட்டி, நாலு நிறத்தில் கரண்டி. சிவப்புக் கரண்டி நீலச் சட்டிக்குள் போய்விட்டால் அன்றைக்கு வீட்டில் போர்தான்.

கடைக்குட்டி சுண்டெலிக்குப் பால், கோதுமை, முட்டை, கடலை எதுவுமே ஆகாது. மற்றவர்களுக்கு உடம்பு தடிக்கும், அரிக்கும், அத்தோடு சரி. இவளுக்கு மூச்சே அடைக்கும். ஒருமுறை பள்ளித்தோழி ஆசையாகக் கொடுத்த பாதி பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, உதடு வீங்கி, ஆம்புலன்சில் போய்த் திரும்பியவள். அன்றிலிருந்து எதை வாயில் வைப்பதானாலும் முதலில் அம்மா முகத்தைப் பார்ப்பாள்.

"அம்மா, இது எனக்கு ஆகுமா?"

சோற்றுக்கும் கேட்பாள், தண்ணீருக்கும் கேட்பாள். ஒருநாள் மழையில் நாக்கை நீட்டுவதற்கு முன்னாலும் கேட்டாள். பல்லக்கா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இப்படிப்பட்ட வீட்டில் களிமண்ணையும் வர்ணத்தையும் சாப்பிடுகிற மேசைமேல் பரப்ப அவளுக்கென்ன பைத்தியமா? மேசைமேல் எது வந்தாலும் அது சுண்டெலிக்கு ஆகிற பொருளாக இருக்க வேண்டும். அவளே போட்ட சட்டம் அது. உருளைக்கிழங்கை மசித்து, மரவள்ளி மாவும் உப்பும் சேர்த்துப் பிசைந்தாள். பீட்ரூட்டில் சிவப்பு, கீரையில் பச்சை என்று நிறம் ஏற்றினாள். வேலை இடத்தில் பல்வலிக்கு வைத்திருக்கிற கிராம்பிலிருந்து ஒரு துளி வாசனை. ஆவியில் வேகவைத்து ஊரையே எழுப்பிவிட்டாள். படம் எடுத்து முடிந்ததும் பலகையோடு தூக்கிக் குளிர்பெட்டியில் வைப்பாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று உலகம் அழும். இவள் வாய்க்கும் எட்டுகிற மாதிரி செய்து வைத்தாள். வினை அங்கேதான் தொடங்கியது.

படம் குழந்தைகள் படவிழாவுக்கு. தேர்வானால் குழந்தைகள் தொலைக்காட்சிக்குத் தொடர்ந்து படம் செய்யலாம். இதற்கு முன் அனுப்பியவையெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. மேசை பறிபோனதால் வீட்டில் ஆளுக்கொரு மூலையில் சாப்பிட்டார்கள். வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிற கணவர் சமையலறை வாசலில் நின்றபடி, பெரியவன் மாடிப்படியில், நாத்தனார் டிவி முன்னால். சுண்டெலி, அப்பா பிரித்துப் போட்டிருந்த ஒரு வாஷிங் மெஷினின் மேலே உட்கார்ந்து சாப்பிட்டாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் பல்லக்காவுக்குக் குத்தியது.

"இதுதான் கடைசி. இந்தப் படமும் தேர்வாகலன்னா கேமராவை அலமாரி உச்சியில போட்டுடறேன். மேசையை நீங்களே வச்சுக்குங்க" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். சொன்ன வார்த்தை மாறுகிறவள் அல்ல. ஞாயிறு சாயங்காலத்துக்குள் படத்தை அனுப்பியாக வேண்டும்.

படத்தின் பெயர் 'திருடன் வராத ஊர்'. அந்த ஊரில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. போலீஸ்காரர் வேலையில்லாமல் கொட்டாவி விட்டுத் திரிவார். கடைசியில் வெளியூர்த் திருடன் ஒருவன் வருவான். பூட்டாத கதவுகளைப் பார்த்து வெட்கப்பட்டு அங்கேயே தங்கிவிடுவான். ஊரே மணிக்கூண்டைச் சுற்றி ஆடும். சுபம்.

திருட்டே இல்லாத அந்த ஊரில் முதலில் காணாமல் போனவர் போலீஸ்காரர்.

வேலைக்குப் போய் வந்து குளிர்பெட்டியைத் திறந்தால் ஆள் இல்லை. "எலியா இருக்கும்" என்றார் கணவர்.

"ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து, போலீஸை மட்டும் எடுத்துக்கிட்டு, கதவைப் பொறுப்பா மூடிட்டுப் போற எலியா?"

"காலம் மாறிப்போச்சும்மா" என்றார் நாத்தனார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

புதிதாக ஒன்று செய்யலாம்தான். ஆனால் அந்தத் தூக்கமூஞ்சி இன்னொரு முறை கைக்கு வராது, நேரமும் இல்லை. போலீஸ்காரர் விடுப்பில் போய்விட்டதாகக் கதையை மாற்றினாள். மறுநாள் தபால்காரர் இல்லை. அவர் போலீஸ்காரரைத் தேடிப் போனதாக மாற்றினாள். அடுத்து மேயர் மறைந்தார். ராஜினாமா செய்துவிட்டதாக வைத்துக்கொண்டாள். அதற்கடுத்து திருடனே போய்விட்டான். திருடன் வராத ஊருக்கு வந்த ஒரே திருடனையும் திருடிவிட்டார்கள் என்றால் அவள் எங்கே போய் முட்டிக்கொள்வாள்!

சனிக்கிழமை காலையில் வாத்தியார் மட்டும் பலகையில் நின்றார், இடுப்புவரை. அதற்கு மேலே ஒன்றுமில்லை. பல்லக்கா அந்த வெட்டுவாயை உற்றுப் பார்த்தாள். மற்றவர்களுக்கு அது மிச்சப் பொம்மை. பல் கட்டுகிறவளுக்கு அது கையெழுத்துப் போட்ட வாக்குமூலம். சந்தேகத்தோடு ஊரைத் திருப்பிப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. கேமராவுக்குத் தெரியாத பின்பக்கத்தில் ஒரு வீட்டுக்கும் சுவரில்லை. தபால் நிலையத்தின் முதுகு, பேருந்தின் பின்சீட்டு, மணிக்கூண்டின் பிடரி எல்லாவற்றையும் யாரோ நாசூக்காகக் கடித்திருந்தார்கள்.

"எல்லாரும் வரிசையா வந்து நில்லுங்க!"

வேலை இடத்திலிருந்து கொண்டுவந்த இளஞ்சிவப்பு மெழுகுத் தகட்டை வெந்நீரில் நனைத்து ஆளுக்கொரு துண்டாக வாயில் திணித்தாள். "கடிங்க. பேசாதீங்க. இப்போ திறங்க." பெரியவன் மறுத்துப் பார்த்தான். "வக்கீல் இல்லாம நான் கடிக்க மாட்டேன்" என்றான். மூக்கைப் பிடித்ததும் வாய் தானே திறந்தது.

நாத்தனார் மட்டும் அசையவில்லை. "எனக்கேதும்மா பல்லு? அது வாரம் பூரா டம்ளர் தண்ணியிலதான் கிடக்குது. வேணும்னா டம்ளரைக் கேளு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை இதற்கு முன் யாரும் இவ்வளவு நிதானமாகச் செய்ததில்லை. பல்லக்கா மணிக்கூண்டைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அண்ணி, இதுல மேல்வரிசையில ஒரு பல்லு லேசா உள்ள திரும்பியிருக்கு பாருங்க. உங்க சொந்தப் பல்லு அப்படித்தான் இருந்துச்சு, அது இல்லன்னா என் மூஞ்சியே எனக்குத் தெரியலன்னு அழுதீங்க. உங்களுக்காக அதைத் திருப்பி வச்சது நான். என் வேலை எனக்குத் தெரியாதா?"

நாத்தனார் மணிக்கூண்டைப் பார்த்தார், பல்லக்காவைப் பார்த்தார். "சரி, தின்னேன். என்ன இப்போ? வாசனையா ஓர் ஊரைக் கட்டி ஃபிரிட்ஜுல வச்சிட்டு, எங்களை மூலைக்கு ஒருத்தரா உக்கார வச்சா மனுஷங்க என்னதான் பண்றது?"

அணை உடைந்தது. "போலீஸை நான்தான்... கொஞ்சம் பேருந்தும்" என்றார் கணவர். "நான் மேயரும் தபால்காரரும் மட்டும்தான். வீடெல்லாம் பொதுச்சொத்து" என்றான் பெரியவன். வேலியே பயிரை மேய்ந்த கதை. இதில் வேலி, பயிர், காவல்காரன் எல்லாம் ஒரே குடும்பம்.

மிச்சமிருந்தது வாத்தியார். கடித்த இடத்தில் நடுவே ஒரு மேடு நின்றது. முன்பல் விழுந்த வாய். பல்லக்கா மெழுகை ஒத்துப் பார்க்கக்கூட இல்லை.

"திருடனும் நீதானா?"

சுண்டெலி தலையாட்டினாள்.

"ஏண்டி, பசிச்சா என்னைக் கேக்கறதுக்கென்ன?"

"கேக்க வேணாம்னுதாம்மா தின்னேன்."

"என்னது?"

"நீதானே சொன்ன, மேசை மேல இருக்கறது எல்லாமே எனக்கு ஆகும்னு. இது ஒண்ணுதான் யாரையும் கேக்காம திங்கலாம். அண்ணனும் அதையே திங்கறான், அப்பாவும் அதையே திங்கறாரு. எனக்கு அது ஜாலியா இருந்துச்சு."

நாலு சட்டி, நாலு கரண்டி என்று வருஷக்கணக்கில் வெந்து செத்தவள், எல்லோருக்கும் ஆகிற ஒரே சாப்பாட்டைச் செய்து அதைக் கேமராவுக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். பல்லக்காவுக்குத் தன்மேலேயே அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தில் அழுகையும் வந்தது. அழுகையின் நடுவே, பாவி, படத்தின் கடைசிக் காட்சியும் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், வெயில் ஜன்னல் வழியாக மேசைக்கு வந்த நேரத்தில், எல்லோரும் கைகழுவிக்கொண்டு ஊரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆட ஜனங்கள் இல்லாத ஊருக்குப் பூதங்களாக இவர்களே விருந்துக்கு வருகிறார்கள். கதவு பூட்டாத ஊராயிற்றே, தாராளமாக வரலாம்.

"நான் சொல்றப்போ ஒரு கடி. அப்படியே சிலையா நிக்கணும். படம் எடுத்ததும் அடுத்த கடி. யாரும் மெல்லக் கூடாது."

"மெல்லாம எப்படிடி திங்கறது?" என்றார் கணவர், தபால் நிலையத்தை வாயில் வைத்துக்கொண்டு.

"பேசாதீங்க, கூரை ஆடுது!"

கடி, க்ளிக். கடி, க்ளிக். கணவருக்குத் தாடை பிடித்துக்கொண்டது. பெரியவன் பேருந்தை முழுசாக விழுங்கிவிட்டு விக்கினான். விக்கல் ஒவ்வொன்றையும் அவள் படம் எடுத்தாள். நாத்தனார் மணிக்கூண்டை ஆசையாகக் கடித்தார். மரவள்ளிப் பசை தன் வேலையைக் காட்டியது. வாயை எடுத்தால் பல்வரிசை முழுவதும் மணிக்கூண்டில் நின்றது.

"ஐயோ, என் பல்லு!"

"அசையாதீங்க அண்ணி! அதுதான் கடிகாரம்!" க்ளிக்.

வெயில் மேசையை விட்டு இறங்குவதற்குள் ஊர் தீர்ந்தது. எல்லோரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நிற்க, பல்லக்கா படத்தை ஓட்டினாள். காணாமல் போன ஊராரைத் தேடிக்கொண்டே போகிற ஊரில், பூதங்கள் வந்து இறங்கின. கணவர் வெடுக் வெடுக்கென்று கூரையைத் தின்றார். நாத்தனாரின் பல் தானாகக் கடிகாரத்தில் ஏறி உட்கார்ந்தது. பெரியவன் தரையில் விழுந்து சிரித்தான்.

பல்லக்கா சிரிக்கவில்லை. அவள் சுண்டெலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஓரமாக அந்தக் குட்டி பூதம் கையை நீட்டி வீட்டைப் பிய்த்தது, வாயில் போட்டது, அடுத்த வீட்டுக்கு நீட்டியது. ஓட்டிப் பார்த்தாள், திருப்பி ஓட்டிப் பார்த்தாள். முதல் கடியிலிருந்து கடைசிக் கடிவரை ஒரு படத்தில்கூட அவள் அம்மா முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பல்லக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு படத்தை விழாவுக்கு அனுப்பினாள். எழுந்து கேமராவைத் துடைத்து உறையில் போட்டாள். அலமாரி உச்சியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள்.

"அடுத்த படத்துல கொஞ்சம் மிளகு தூக்கலா இருக்கட்டும்" என்றார் நாத்தனார், பல்லைக் கழுவியபடி.

"தேர்வாகுதான்னு தெரியட்டும் அண்ணி. நான் சொன்ன சொல்லு ஒண்ணு இருக்கு."

சுண்டெலி வாஷிங் மெஷின் மேலிருந்த தன் தட்டை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். பெரியவனும் கொண்டுவந்து வைத்தான். கணவர் அவள் கையிலிருந்த கேமராவை வாங்கி மேசை நடுவில் நிறுத்திவிட்டு, உள்ளே போய்ப் பெரிய சட்டி ஒன்றை மட்டும் எடுத்து உருளைக்கிழங்கு வேகப் போட்டார்.