மாமியார் உடைத்தது

அலுவலகத்தில் அவருக்குச் சல்லடை என்று பட்டப்பெயர். அவர் சரிபார்த்து அனுப்பிய கணினி நிரலில் பிழை கண்டவர் கிடையாது. அவரிடம் நிரலைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டவரும் கிடையாது.

இன்று சல்லடையில் விழுந்திருப்பது சொந்த மருமகள் எழுதியது. கணினியை இயக்கும் மைய நிரலான கெர்னலோடு தேவைப்படும்போது வந்து சேர்ந்துகொள்ளும் துண்டு நிரல்கள்தான் கெர்னல் மாட்யூல்கள். இடம் மிச்சம் பிடிக்க அவற்றைச் சுருக்கி வைப்பார்கள். அந்தக் கோப்புகளை விரித்துக் கொடுக்கும் பழைய நிரல் மாமியாரான இவருடையது. அதைத் தூக்கிவிட்டுத் தன்னுடையதை வைக்கக் கேட்கிறாள் மருமகள். பழையதை அறிந்தவர் வேறு யாருமில்லை என்று புதியதைச் சரிபார்க்கும் வேலையை மேலாளர் இவர் தலையிலேயே கட்டிவிட்டார். மாலைக்குள் இவர் சரி என்றால்தான் மருமகளின் வேலை நிரந்தரமாகும்.

"நல்லா ஓடிட்டிருக்கிறதுக்கு என்ன கேடு வந்துச்சாம்?" என்று முணுமுணுத்தபடி, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடினார். ஒன்றும் சிக்கவில்லை. வேலை பாதியில் முறிந்தாலும், வாங்கிய நினைவகத்தையெல்லாம் ஒன்று விடாமல் திருப்பிக் கொடுத்திருந்தாள். வீட்டில் ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிறவளா இவள்! அவருக்கு எரிச்சலாக இருந்தது. அழகாகவும் இருந்தது.

விடுவாரா? ஒரு பொய்க் கோப்பைத் தயாரித்தார். விரித்தால் எவ்வளவு பெரிதாகும் என்று கோப்பின் கடைசியில் ஓர் எண் இருக்கும். அதைச் சின்னதாகப் போட்டுவிட்டு, உள்ளே மலையளவு திணித்தார். மருமகளின் நிரல் அந்த எண்ணை நம்பவே இல்லை. கொஞ்சம் விரித்தது, இடம் பார்த்தது, இன்னும் கொஞ்சம் விரித்தது. வரம்பு தாண்டியதும் வேண்டாம் என்று மரியாதையாக ஒதுக்கிவிட்டது.

ஒப்பிடத்தானே என்று தன் நிரலுக்கும் அதையே கொடுத்தார். அது எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொண்டு சின்ன இடத்தில் மலையைக் கொட்டியது. சோதனைக் கணினி அப்படியே உறைந்துபோனது.

அந்த நேரம் பார்த்து மருமகள் கதவருகே தலையை நீட்டினாள்.

"அத்தை, ஏதாச்சும் உடைஞ்சுதா?"

"உடைஞ்சுது."

அவள் முகம் செத்துப்போனது. "எந்த எடத்துல அத்தை?"

"உன்னோடது இல்லம்மா. என்னோடது."

திகைத்து நின்றவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "விடுங்க அத்தை. மாமியார் உடைச்சா மண்குடம்தானே!"

"வாய்க்கொழுப்பு! போடி, போய் வேலையப் பாரு." அடுத்த அறைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

'சரி' என்பதற்கு மேல் யாருக்கும் ஒரு சொல் எழுதாதவர், அன்று எழுதினார்: 'சரி. என் பழைய நிரலை முழுவதுமாக நீக்கிவிடலாம். இதை நான் எழுதவில்லையே என்று பொறாமையாக இருக்கிறது.'

பொறாமை என்ற சொல்லை ஒருமுறை அழித்தார். பிறகு அதையே திரும்பப் போட்டு அனுப்பினார்.