ஏழாம் எண் கொக்கி

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றே காலுக்குத் தொலைபேசி அடித்தது. திருநெல்வேலி அலுவலகத்திலிருந்து கைலாசம் சார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அஞ்சலினுக்குச் சேதி தெரிந்துவிட்டது. ஆடி மாதம், நல்ல காற்று, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. வேறு என்ன இருக்கப்போகிறது?

"நிப்பாட்டுங்கம்மா. பதினாலையும்."

"எவ்வளவு நேரத்துக்கு சார்?"

"எனக்கா தெரியும்? மேலேருந்து எனக்குச் சொல்லுதாங்க, நான் உங்களுக்குச் சொல்லுதேன். நிப்பாட்டுங்க."

அவள் கணினித் திரையில் ஒன்றிலிருந்து பதினான்குவரை வரிசையாக அழுத்தினாள். சீவலப்பேரியைத் தாண்டி வடக்கே, வாழையும் நெல்லும் தீர்ந்து கரிசல் தொடங்குகிற மேட்டில் நின்ற பதினான்கு காற்றாலைகளும் ஒவ்வொன்றாக இறக்கைகளைத் திருப்பிக்கொண்டன. அகலமான பக்கம் காற்றுக்குக் காட்டியிருந்ததை, இப்போது கத்தியின் வாயைப்போல மெல்லிய விளிம்பைக் காட்டின. செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்த காற்று அவற்றில் பிடிமானம் கிடைக்காமல் கடந்து போனது. கட்டுப்பாட்டு அறையின் தகரக் கூரை மட்டும் படபடத்தது.

இந்த வேலைக்கு வந்த புதிதில் அவளுக்கு இது விளங்கவேயில்லை. காசில்லாமல் வருகிற காற்று, அதை ஏன் விட வேண்டும்? பிறகு புரிந்தது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் தண்ணீரைத் தேக்கி வைப்பதுபோலக் கம்பியில் ஓடுகிற மின்சாரத்தைத் தேக்கி வைக்க முடியாது. எவ்வளவு இழுக்கிறார்களோ அவ்வளவுதான் அந்த நொடியில் உள்ளே போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆலைகள் மூடிக் கிடக்கும், அலுவலகங்கள் கிடையாது. ஆனால் உச்சி வெயிலில் சூரியத் தகடுகள் எல்லாம் முழு மூச்சில் இருக்கும். காற்றும் இருக்கும். யாராவது ஒருவர் நிற்க வேண்டும். நிலக்கரி உலை நிற்காது. கரியை எரித்து, தண்ணீரை ஆவியாக்கி, அந்த ஆவியால் சக்கரத்தைச் சுற்றுகிற ராட்சத உலை அது. ஒரு தடவை ஆறவிட்டால் மறுபடி கொதிநிலைக்கு வர ஒரு பகல் முழுக்கப் பிடிக்கும். அதனால் அதைக் குறைப்பார்களே தவிர அணைக்க மாட்டார்கள். காற்றாலைக்கு ஒரு பொத்தான் போதும்.

"நான் எறக்குன கரி எரியணும்னா ஒன் காத்தாடி நிக்கணும்ட்டி" என்று வில்சன் சொல்வான். அவளுடைய கணவன். தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலிலிருந்து கரி இறக்குகிற வேலை. இருவருக்குமே ஊர் புன்னக்காயல். ஐப்பசியில் ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வருகையில் லாரி ஒன்று அவனுடைய வண்டியில் மோதியது. ஒன்பது மாதம் ஆகிறது. அடக்கத்தன்று அஞ்சலின் அழவில்லை. அதன் பிறகும் அழவில்லை. மாமியார் ஃபிளோரா அவளையே பார்த்துக்கொண்டிருந்ததும், யாரோ ஒருத்தி "கல்லுல்லா இது" என்றதும் காதில் விழுந்தன. கோபம் வரவில்லை. பசி மட்டும் நேரத்துக்கு வந்தது. பாளையங்கோட்டை விடுதி ஒன்றில் தங்கிக்கொண்டு இந்த வேலைக்கே திரும்பி வந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதுபோல எல்லாம் நடந்துகொண்டிருந்தது.

அனஸ் உள்ளே வந்தான். இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன். துணைக்கு ஏற வேண்டிய சுஜின் விடுப்பு.

"அக்கா, எல்லாம் நிக்கிற நேரத்துல ஏழுல ஏறி கிரீஸ் அடிச்சிட்டு வந்திருதேன்."

"தனியாவா?"

"கிரீஸ் டப்பா ஒண்ணு, நான் ஒண்ணு. ரெண்டு பேருல்லா?"

சுவரில் பதினான்கு கொக்கிகள் அடித்த ஒரு பலகை இருந்தது. ஏழாவது கொக்கியில் தன் வீட்டுச் சாவியை மாட்டிவிட்டு அனஸ் போனான். இது நிறுவனம் போட்ட சட்டமல்ல. நிறுவனம் கொடுத்தது சிவப்பு அட்டைதான். அட்டையைத் தொங்கவிட்டவர்கள் அதை மறந்து வீட்டுக்குப் போய்விட, ஓட வேண்டிய இயந்திரம் மறுநாள்வரை நின்றது. வீட்டுச் சாவியை எவன் மறப்பான்? எனவே ஏறுகிறவர்கள் அவர்களாகவே இந்த வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டார்கள். கொக்கியில் சாவி தொங்கினால் ஆள் மேலே இருக்கிறான். காலியாக இருந்தால் ஓட்டலாம். கோபுரத்தின் அடியில் பூட்டுகிற சுவிட்ச் ஒன்றும் உண்டு. ஏறுவதற்குமுன் அதைத் திருப்பிவிட்டு ஏற வேண்டும் என்பதுதான் சட்டம். ஆனால் ஏழாம் எண்ணில் அதைத் திருப்பினால் இயந்திரம் மறுபடி உயிர் பெற அரை மணி நேரம் அடம்பிடிக்கும். அதனால் யாரும் திருப்புவதில்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாவி இருக்கிறதே.

பன்னிரண்டு மணி தாண்டி ஓர் ஆட்டோ வந்து நின்றது. இடுப்பில் ஏழெட்டு மாதக் குழந்தையோடு ஷம்ஸியா இறங்கினாள். அனஸின் மனைவி. மேலப்பாளையத்தில் தாய் வீட்டுக்குப் போயிருந்தவள், நாளை வருவதாக இருந்தது. சீவலப்பேரியில்தான் அவர்களுக்கு வாடகை வீடு.

"அக்கா, அவுகள எங்க? போனே எடுக்க மாட்டாக."

"மேல ஏறியிருக்காரு. போனு கீழ வண்டியில கெடக்கும்."

"ஒருநா முந்தி வந்து ஆச்சரியப்படுத்தலாம்னு பாத்தேன். இப்ப நான்லா தெருவுல நிக்கேன்." குழந்தை வீறிட்டது. "உம்மாகூடச் சண்டைக்கா, அதான் வந்துட்டேன். அவுககிட்ட சொல்லிராதீங்க, சிரிப்பாக. சாவி வச்சிருக்காகளா?"

குழந்தையின் கழுத்து மடிப்பெல்லாம் வேர்க்குரு. அஞ்சலின் எழுந்தாள். ஏழாவது கொக்கியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். கேட்டார்கள், இருந்தது, கொடுத்தாள். அவ்வளவுதான். ஷம்ஸியா ஆட்டோவில் ஏறியதும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஒன்று ஐந்துக்குக் கைலாசம் சார் மறுபடி அழைத்தார்.

"ஓட்டுங்கம்மா. எங்கயோ மேகம் மூடிட்டாம், வெயில் கரண்டு குறைஞ்சிட்டு. சீக்கிரம்."

அஞ்சலின் பலகையைப் பார்த்தாள். ஒரு கொக்கியிலும் சாவி இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று அழுத்திக்கொண்டே போனாள். ஏழையும் அழுத்தினாள். பதினான்கையும் அழுத்தினாள். வெளியே இறக்கைகள் சோம்பலாகத் திரும்பி அகலத்தைக் காற்றுக்குக் கொடுத்தன. திரையில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு எழும்பத் தொடங்கியது. பூஜ்யத்திலிருந்து அரை. அரையிலிருந்து ஒன்று.

அவளுடைய கைப்பேசி அடித்தது. ஷம்ஸியா.

"அக்கா, அவுக எறங்கிட்டாகளா? எறங்குனதும் வரச்சொல்லுங்க. வீட்ல குடிக்கத் தண்ணி இல்ல, கேன் வாங்கிட்டு..."

ஏழாம் எண்ணுக்கு எதிரே இரண்டு என்று இருந்தது.

அஞ்சலின் சிவப்புப் பொத்தானை அடித்தாள். ஏழு நிற்கப் பதினோரு நொடி ஆனது. திரை அதை எண்ணிக் காட்டியது, அவளும் கூடவே எண்ணினாள். கைப்பேசியில் "அக்கா, அக்கா" என்று கேட்டுக்கொண்டிருந்தது. "சொல்லுதேன்" என்று சொல்லித் துண்டித்தாள். பிறகு வெளியே போனாள். ஓடினாளா, நடந்தாளா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஏழாம் எண் கோபுரம் முக்கால் கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றிருந்தது.

கோபுரக் கதவுக்குள் தலையை நீட்டி, "அனஸ்!" என்றாள். இரும்புக் குழாய்க்குள் அந்தப் பெயர் மேலே ஏறிப் போய்த் தேய்ந்தது. பதில் இல்லை. அவள் ஏணியின் முதல் படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வில்சனின் செய்தி வந்த அன்றும் இப்படித்தான் எதையோ பிடித்துக்கொண்டு நின்றாள், எதை என்று ஞாபகமில்லை. மனசுக்குள் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. படி மட்டும் அதிர்ந்தது. மெல்ல, ஒரே சீராக அதிர்ந்தது. யாரோ இறங்குகிறார்கள்.

எண்பது மீட்டர் இறங்க அவனுக்கு இருபது நிமிடம் ஆயிற்று. கடைசிப் படியில் உட்கார்ந்தான். இடுப்பு வாரிலிருந்து பாதுகாப்புக் கயிறு ஒரு முழம் மட்டும் தொங்கியது. நுனி கத்தியால் அறுக்கப்பட்டிருந்தது.

"கயிறு சுத்துற தண்டுல சுத்திட்டுக்கா" என்றான். "ஒண்ணரைச் சுத்து. நெஞ்சுவரைக்கும் இழுத்துட்டுப் போயிட்டு. இன்னும் அரைச் சுத்து வந்திருந்தா..." முகம் சாம்பல் நிறமாக இருந்தது. "எஞ்சாவி தொங்கலையா?"

"ஷம்ஸியா வந்தா. பிள்ள அழுதுச்சு. எடுத்துக் குடுத்துட்டேன்."

அனஸ் திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பல்ல.

"கட்டுனவளே வந்து எனக்குச் சீட்டு கிழிக்கப் பாத்திருக்கா."

"நாந்தான் குடுத்தேன்."

"அக்கா, அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. தான் சாவிய வாங்கிட்டுப் போனதாலதான் இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா அவ அப்புறம் தூங்க மாட்டா."

இருவரும் பைய நடந்து அறைக்குத் திரும்பினார்கள். தொலைபேசி எப்போதிருந்தோ அடித்துக்கொண்டிருந்தது. அனஸ் குடத்தில் தண்ணீர் மொண்டு நின்றபடியே குடித்தான். டம்ளர் பல்லில் தட்டியது. அஞ்சலின் தொலைபேசியை எடுத்தாள்.

"எங்கம்மா போனீங்க?" என்றார் கைலாசம் சார். "ஏழு ஏன் நிக்கி?"

"ஆள் மேல இருக்கையில ஓட்டிட்டேன் சார்."



"கொக்கியில சாவி இல்லையா? ஏறுனவன் மாட்டலையா?"

அனஸ் டம்ளரை வாயிலிருந்து எடுத்தான்.

"அவன் மாட்டித்தான் இருந்தான். நான் எடுத்துட்டேன்."

"எதுக்கு எடுத்தீங்க?"

"எடுத்துட்டேன் சார். என் பேரையே எழுதிக்கிடுங்க."

"ஆளுக்கு என்னாச்சு? மொதல்ல அதச் சொல்லுங்கம்மா."

அவள் திரும்பிப் பார்த்தாள். அனஸ் இரண்டாவது டம்ளர் மொண்டுகொண்டிருந்தான். சட்டையெல்லாம் தண்ணீர்.

"தண்ணி குடிக்கான்" என்றாள்.

கைலாசம் சார் பெருமூச்சு விட்டது கேட்டது. "அப்ப ஏழ ஓட்டலாம்லா?"

அஞ்சலின் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வந்தது வார்த்தை இல்லை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அனஸ் டம்ளரை வைத்துவிட்டு வந்து, அவள் கையிலிருந்து ரிசீவரை மெதுவாக வாங்கினான்.

"ஏழு இன்னைக்கு ஓடாது சார்" என்றான். "அக்கா அழுதுட்டு இருக்காக."